பெல்ஜியத்தில் சைக்கிளில் ப்ரூவரி (பீர் ஆலை) சுற்ற வழி சொல்லுங்கள்

நண்பர்களே, செப்டம்பரில் நானும் மைத்துனரும் மேற்கு ஃபிளாண்டர்ஸில் இரண்டு நாள் சைக்கிளில் சுற்றப் போகிறோம், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் அறுவடை நேரம் என்பதால் பொபரிங்கேயில் தங்கி, வாட்டோவில் இருக்கும் செயின்ட் பெர்னார்டஸ் ப்ரூவரி, அப்புறம் பீர் காய்ச்சும் வெஸ்ட்ஃப்ளேட்டரன் மடத்துக்கு எதிரே உள்ள 'இன் டெ ஃப்ரேடே' கஃபே என்று திட்டம். இரண்டும் பக்கம்தான். சைக்கிள் பாதைச் சந்திப்புகளில் எண் போட்ட பலகை இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம், அதில் கவலை இல்லை.

சிக்கல் டிக்ஸ்மைடு பக்கத்து எசன் கிராமத்தில் இருக்கும் டெ டொல்லே ப்ரூவரிதான். சமதரைதான், ஆனாலும் எதிர்காற்று அடித்தால் அன்றே திரும்ப முடியுமா, இல்லை ஒரு வழிக்கு ரயிலில் சைக்கிளை ஏற்றிவிடுவது நல்லதா?

இன்னொன்று, அங்கே சைக்கிள் ஓட்டுபவருக்கும் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் ஆல்கஹால் வரம்பு, அந்த மடத்து வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12 பீரிலோ ஆல்கஹால் 10 சதவீதத்துக்கு மேல், மைத்துனர் ஒன்றோடு நிறுத்துகிற ஆள் இல்லை. அதனால் பாட்டிலாக வாங்கி அறைக்குக் கொண்டுவர நினைக்கிறோம். பொபரிங்கேயிலோ ஈப்பரிலோ பக்கப்பை மாட்டிய சைக்கிள் வாடகைக்குக் கிடைக்குமா? போய் வந்தவர்கள் கடை பெயரும் தோராய வாடகையும் சொன்னால் போதும்.