மாவோரி டிசைனில் பச்சை குத்தலாமா?

கேள்வி:
இணையத்தில் பார்த்த மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடிகள்) டாட்டூ ஒன்றை அப்படியே கையில் குத்திக்கொள்ள ஆசை. அழகுக்காகத்தானே, இதில் என்ன தவறு?

பதில் 1:
அது ஒருவர் உடம்பில் இருந்த 'தா மோகோ', அதாவது மாவோரிகளின் பாரம்பரியப் பச்சை என்றால் வேண்டாம். அவருடைய வம்சாவளியும் குலமும் அந்தக் கோடுகளில்தான் இருக்கின்றன. பழைய முறையில் 'உஹி' என்ற உளியால் தோலைச் செதுக்குவார்கள். தடவிப் பார்த்தால் வரிவரியாகப் பள்ளம் தெரியும். நகலெடுத்தால் அடுத்தவர் பரம்பரையைத் தூக்கி ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பதில் 2:
ஆசையை விட வேண்டியதில்லை. வம்சாவளி சொல்லாமல் அதே பாணியில் வரைவது 'கிரிதுஹி'. மாவோரி அல்லாதவர்களும் குத்திக்கொள்ளலாம். மாவோரி கலைஞரிடமே போங்கள். படத்தை நீட்டி "இதே மாதிரி" என்று கேட்காதீர்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், அவர் புதிதாக வரைவார். முகம் மட்டும் வேண்டவே வேண்டாம். தாடையில் குத்தும் 'மோகோ கவாஎ' மாவோரிப் பெண்களுக்கு உரியது.

கேட்டவர்:
வெறும் சுருள் மட்டும் என்றால்?

பதில் 1:
அது 'கொரு', விரியாத பெரணித் தளிர், புதுவாழ்வின் அடையாளம். தனிச் சுருள் எந்தக் குடும்பத்தையும் சுட்டாது. ஆனாலும் அர்த்தம் தெரிந்தவர் கையால் குத்திக்கொள்ளுங்கள், காசும் அவருக்கே போகட்டும்.