'ப்ரோமோ'வுக்கு 'வஞ்சினம்': என் வாதம்

குழுவினருக்கு வணக்கம்.

கற்பனை மல்யுத்த லீகுக்கான நடுவர் குறிப்பைத் தமிழில் எழுதும் வேலை 'ப்ரோமோ' என்ற முதல் சொல்லிலேயே நிற்கிறது. மல்லர் எதிராளியை நோக்கிப் பேசும் பேச்சுதான் ப்ரோமோ. அதற்குத் தமிழில் அக்கா 'விளம்பரவுரை' என்றார், ஐயா 'சவாலுரை' என்றார். இரண்டையும் வைத்து எழுதிப் பார்த்தேன். இரண்டும் இடறுகின்றன.

இந்த விளையாட்டைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொருவரும் ஒரு மல்லரை உருவாக்கி, கெடு நாளுக்குள் அவரே பேசுவதுபோல் ஒரு ப்ரோமோ எழுதி அனுப்ப வேண்டும். எதிராளியும் அனுப்புவார். நடுவர்கள் இரண்டையும் படித்து வெற்றி யாருக்கு என்று முடிவு செய்வார்கள். அப்புறம்தான் ஆட்டமே வர்ணனையாக எழுதப்படும். முடிவை முன்கூட்டியே பேசி வைத்துக் கதையாக எழுதும் லீகுகளும் உண்டு. நம் குறிப்பு அவற்றுக்கானது அல்ல.

'விளம்பரவுரை' ப்ரோமோ என்ற சொல்லின் பிறப்புக்குப் பொருந்தும். ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்க்கும் பேச்சுக்குத்தான் அந்தப் பெயர் வந்தது. ஆனால் 1985இல் அமெரிக்க மல்லர் டஸ்டி ரோட்ஸ் தன் எதிராளி ரிக் ஃபிளேரை நோக்கிப் பேசியதைக் கேட்டவர்கள் அதை விளம்பரம் என்பார்களா? வேலை இழந்த ஆலைத் தொழிலாளிகளின் துன்பத்தைத் தன் துன்பத்தோடு சேர்த்துப் பேசினார் அவர். 'சவாலுரை'க்கு வேறு சிக்கல். 1996 ஜூனில் இன்னொரு அமெரிக்க மல்லர் ஸ்டீவ் ஆஸ்டின் 'ஆஸ்டின் 3:16' என்றது ஜேக் ராபர்ட்ஸைத் தோற்கடித்த பிறகு. பைபிள் பேசி வந்த ராபர்ட்ஸிடமிருந்து 'யோவான் 3:16' என்ற வசன எண்ணையே பிடுங்கித் தன் பெயரை ஒட்டிக்கொண்டார். அந்தப் பேச்சின் உயிர் அங்கேதான் இருக்கிறது, சவாலில் அல்ல.

நான் முன்வைக்கும் சொல் 'வஞ்சினம்'. இதைச் செய்து முடிக்காவிட்டால் எனக்கு இன்ன கேடு வரட்டும் என்று சொல்லும் சபதம் அது. புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்கள் மூன்றும் இத்தகைய சபதத்தைப் பாடும் வஞ்சினக்காஞ்சி என்ற துறையைச் சேர்ந்தவை. மூன்றிலும் அரசனே பேசுகிறான். பகைவரை வெல்லாவிட்டால் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவருக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான் பாண்டிய அரசன் நெடுஞ்செழியன். இன்னொரு பாண்டிய அரசன் பூதப்பாண்டியன் தன் மனைவியைப் பிரியும் துயரத்தையே பணயம் வைக்கிறான். உயிரைவிட எதை மேலாக நினைக்கிறானோ அது தெரிந்துவிடுகிறது.

நடுவருக்கு வேண்டியதும் இதுதான். தோற்றால் இந்தப் பாத்திரம் எதை இழக்கும்? இதற்குப் பதில் இல்லாத ப்ரோமோவில் நெருப்பும் மண்டையோடும் எத்தனை இருந்தாலும், பெயரை மாற்றி வேறொரு மல்லருக்குக் கொடுத்துவிடலாம். அந்த வகைக்கும் நம்மிடம் சொல் உண்டு: நெடுமொழி. தன்னைத் தானே புகழ்வது. ஆஸ்டின் போன்றவர் பேசினால் நெடுமொழியும் வெல்லும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதை நடுவர் அறிந்திருக்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் நடுவராக இருந்த ஒரு லீகில் ஒருவர் வயதான மல்லர் ஒருவரை எழுதி வந்தார். தோற்றால், மகளுக்குக் கொடுத்த வாக்குப்படி பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். முந்நூறு சொல்தான். எதிராளி இரண்டாயிரம் சொல்லில் முழங்கியிருந்தார். எங்கள் மதிப்பெண் தாளில் 'விளம்பரத் திறன்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்து நீளமானதற்கு வெற்றி கொடுத்தேன். தவறான தீர்ப்பு. இன்றும் உறுத்துகிறது. அந்தக் கட்டத்தில் 'வஞ்சினம்' என்று இருந்திருந்தால் என் கண் வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

வஞ்சினம் என்றதும் காதில் 'வஞ்சம்' விழுகிறதே என்று கேட்பீர்கள். விழும்தான். 'சூளுரை' என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மேடைதோறும் சூளுரைத்துச் சூளுரைத்து அதன் கூர் மழுங்கிவிட்டது. புழங்கப் புழங்க வஞ்சினம் தெளியும் என்று நம்புகிறேன். 'வஞ்சினம் கூறினார்', 'வஞ்சினக் கெடு', 'மறுவஞ்சினம்' என்று சொற்கள் எளிதாகக் கிளைக்கின்றன.

வரைவில் ப்ரோமோ வரும் இடங்களில் எல்லாம் இதைப் போட்டு இன்றிரவு அனுப்புகிறேன். பாத்திரத்தை எழுதுகிறவரை இப்போதைக்கு 'ஆட்டுவிப்பவர்' என்றிருக்கிறேன். ஐயா, அதற்கு இதைவிடச் சிறிய சொல் ஏதாவது தோன்றுகிறதா?