மடித்த துணிக்கூரையின் மேல் போடும் உறைக்கு என்ன பெயர்?

இலண்டனிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பழைய எம்ஜிபி ரோட்ஸ்டர் (துணிக்கூரை போட்ட பிரித்தானியத் திறந்த கார்) வைத்திருக்கும் எங்கட ஆட்கள் சிலருக்காக ஒரு பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். எஞ்சின், கிளட்ச், பிரேக் எல்லாம் ஒருவாறு முடிந்துவிட்டன. துணிக்கூரையில் வந்து நிற்கிறேன்.

கூரையை மடித்து இருக்கைகளுக்குப் பின்னால் இறக்கிய பிறகு, அந்த மடிப்பின் மேல் ஓர் உறையைப் போட்டு ஓரங்களைப் பொத்தான்களில் மாட்டுவோம். காற்றில் துணி படபடக்காது, தூசும் வெயிலும் படாது. பிரித்தானியாவில் இதை ‘ஹுட் கவர்’ என்கிறார்கள், அமெரிக்காவில் ‘பூட்’. கூடவே ‘டொனோ கவர்’ என்று இன்னொரு சாமான் இருக்கிறது. விற்பனைப் பட்டியல்களில் மூன்றும் கலந்து கிடக்கின்றன. தமிழிலாவது ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்தால் நல்லது. உதவுங்கள்.

தஞ்சையிலிருந்து:

சொல்லுக்கா நமக்குப் பஞ்சம்! மேலே விரிப்பது விதானம். சட்டை போல மூடுவது கஞ்சுகம். ‘விதானக் கஞ்சுகம்’ என்று வைத்துக்கொள்ளலாமே. ஓசையும் நயமும் சேர்ந்தே வருகின்றன.

கோவையிலிருந்து:

ஐயா கோவிச்சுக்கக் கூடாது. கஞ்சுகம் வேணும்னு யாராச்சும் கடைக்கு வந்தா, பையன் பக்கத்து மருந்துக்கடையக் கைகாட்டிருவானுங்க.

நாங்க ஜீப்புக்கு ரெக்சின் டாப் தைக்கிறோம். டாப்பு, படுதா, டிச் பட்டன், ஐலெட், ஜிப்பு, இவ்வளவுதான் எங்க அகராதி. நீங்க சொல்றதை நாங்க ‘டாப் கவர்’னு சொல்லிட்டுப் போயிருவோம். ஆனா ஒண்ணுங்க, வர்றவர் கேக்கறது கார் கவரா டாப் கவரான்னு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் கத்திரிக்கோலை எடுப்போம். பேர் வைக்கறப்ப அதை மனசுல வைங்க.

சென்னையிலிருந்து:

கோவை அண்ணா கடைசியில் சொன்னதுதான் விஷயம். பெயரைக் கேட்டதும் எதை மூடுவது என்று தெரிய வேண்டும்.

திறந்த காரின் மேல் வருபவை மூன்று. காரையே முழுதாகப் போர்த்துவது ஒன்று. அது எந்தக் காருக்கும் உண்டு, ‘கார் உறை’ போதும். அடுத்தது டொனோ. முன்கண்ணாடியின் அடியிலிருந்து பின்பக்கம் வரை, ஆள் உட்காரும் இடம் மொத்தத்தையும் அது மூடும். நடுவில் ஜிப் இருக்கும். ஓட்டுநர் பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு, பக்கத்து இருக்கை மூடியிருக்கவே ஓட்டிப் போகலாம். மூன்றாவதுதான் நண்பர் கேட்பது. இது மடிந்த கூரையை மட்டும் மூடும், இருக்கைகள் திறந்தே இருக்கும்.

ஆங்கிலச் சொற்களைப் பிடித்துக்கொண்டு போனால் கரைசேர முடியாது. ‘ஹுட்’ பிரிட்டனில் துணிக்கூரை, அமெரிக்காவில் பானெட். ‘பூட்’ அமெரிக்காவில் இந்த உறை, பிரிட்டனில் நம்முடைய டிக்கி. ‘டொனோ’ பிரெஞ்சில் பீப்பாய். 1900களின் தொடக்கத்தில் சில கார்களின் பின்னிருக்கைப் பகுதியை உருண்டையாகச் செய்து பின்னால் கதவு வைத்தார்கள், அதற்கு அந்தப் பெயர் விழுந்தது. பிறகு அதை மூடும் துணிக்குப் போனது. இன்று அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டியை மூடுவதும் டொனோ கவர்தான். டிக்கி வந்த வழியும் இதே மாதிரிதான். பழைய கார்களில் பின்பக்கம் திறந்து ஆள் உட்கார்ந்த இருக்கைக்குத்தான் அந்தப் பெயர். ஆள் இறங்கிச் சாமான் ஏறியது, பெயர் மாறவில்லை.

ஆகவே மொழிபெயர்க்க வேண்டாம், பொருளைப் பார்த்து வைப்போம். மடிகிற கூரை ‘மடிகூரை’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, வாயில் நிற்கும். அதன் மேல் வருவது ‘மடிகூரை உறை’. டொனோவுக்குக் கோவைக் கடையிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்: ‘இருக்கைப் படுதா’. விரித்து இழுத்துக் கட்டுகிற துணிக்குப் படுதாவை விடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

‘மூடி’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன். 1963-இல் வந்த மெர்சிடிஸ் 230 எஸ்எல்-இல் மடிந்த கூரை, கீல் வைத்த தகட்டுக்கு அடியில் முழுசாக மறைந்துவிடும். அங்கே தேவைப்படும் சொல் ‘மடிகூரை மூடி’. ஜெர்மனியின் ஓஸ்னாபுருக்கில் கார்மன் நிறுவனம் 1949 முதல் 1980 வரை கட்டிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் திறந்த கார் இதற்கு மறுகோடி. மடித்த கூரை பின்னால் மூட்டையாக உயர்ந்து நின்று, பின்வரும் வண்டியைக்கூட மறைக்கும். அதற்கு ஆழமான உறை தைக்க வேண்டும்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் கட்டிய வண்டி, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கூரை இல்லை. தொடக்கத்தில் துணியையும் சட்டத்தையும் கழற்றி டிக்கியில் வைக்கும் வகையும் விற்றார்கள். அதை ‘கழற்றுகூரை’ என்போம். கழற்றிய பிறகு இருக்கைக்குப் பின்னால் ஒன்றும் மிஞ்சாது, எனவே உறைக்கு வேலை இல்லை. அந்தக் காருக்கு வேண்டியது படுதாதான். 1970களில் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டியின் மடிகூரை வந்தது. அதன் சட்டம் வேறு என்பதால் உறையின் வெட்டும் வேறு. கையேட்டில் இந்தப் பகுதியை முதலில் வையுங்கள்.

மதுரையிலிருந்து:

மடிகூரை சரி. ‘உறை’தான் இடிக்கிறது. தலையணை உறை, வாள் உறை எல்லாம் உள்ளே செருகுவது. இது மேலே போட்டு ஓரத்தில் மாட்டுவது, அடிப்பக்கம் திறந்து கிடக்கிறது. வயலில் போடுகிற ‘மூடாக்கு’ என்ன பாவம் செய்தது? ‘கூரை மூடாக்கு’ என்று வைக்கலாம்.

சென்னையிலிருந்து:

மூடாக்கு அருமையான சொல்தான் அண்ணாச்சி. ஆனால் அது மண்ணில் ஈரம் போகாமல் காக்கப் போடுவது. இந்தக் கூரைக்கு ஈரம்தான் எமன். நனைந்த துணியை மடித்து மூடி இரண்டு நாள் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். விவசாயம் தெரிந்தவர் ‘மூடாக்கு’ என்று படித்தால் நேர்மாறாகப் புரிந்துகொள்வார்.

உறையைப் பற்றி: சீட் கவரை ‘இருக்கை உறை’ என்று எழுதுகிறோம். அதுவும் அடிப்பக்கம் திறந்து கொக்கியில் மாட்டுவதுதான். சொல்லின் பொருள் எப்போதோ விரிந்துவிட்டது.

மதுரையிலிருந்து:

இருக்கை உறையைக் காட்டிவிட்டீர்கள், வாயை மூடிக்கொள்கிறேன். இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுங்கள், சேர்த்து எழுதி ‘மடிகூரையுறை’ ஆக்கினால் மழைக்காலச் சளி மாதிரி இருக்கிறது.

இலண்டனிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. சொற்கள் வாக்கியத்தில் ஓடுகின்றனவா என்று பார்க்க ஒரு பகுதியை எழுதிப் பார்த்தேன்:

‘மடிகூரை நன்றாகக் காய்ந்தபின் மட்டுமே மடிக்கவும். பின்பக்கப் பிளாஸ்டிக் சன்னலில் கீறல் விழாமல் இருக்க, மடிப்புகளுக்கு நடுவில் மெல்லிய துணி வைக்கவும். புதிய மடிகூரை உறை பல நேரங்களில் பொத்தான் இல்லாமலே வரும். பொத்தான் மாட்டுவதற்காகக் காரில் உள்ள குமிழ்கள் கையால் துளையிட்டுப் பொருத்தியவை, இரு கார்களில் அச்சாக ஒரே இடத்தில் இருப்பதில்லை. குளிரில் வினைல் இறுகி நிற்கும், ஆகவே வெயில் நாளில் உறையைச் சற்று நேரம் விரித்து வைத்துவிட்டுத் தொடங்கவும். பின்பக்க நடுக் குமிழில் ஆரம்பித்து இருபுறமும் மாறி மாறி இழுத்து, சுண்ணக்கட்டியால் குறித்த பிறகே துளை போடவும்.’

எனக்கு ஓடுவதாகத்தான் படுகிறது. இன்னும் ஒன்று பாக்கி. ‘லிஃப்ட் தி டாட்’ என்று ஒரு பொத்தான். மூன்று பக்கம் பூட்டிக்கொள்ளும், புள்ளி போட்ட நாலாம் பக்கத்தைத் தூக்கினால்தான் கழலும். தெரியாதவர்கள் மற்றப் பக்கத்தைப் பிடித்து இழுத்துத் துணியைக் கிழிக்கிறார்கள். இதற்கு என்ன எழுதுவது?

கோவையிலிருந்து:

அது டிச் பட்டன் இல்லீங்க, டிச் பட்டன் எந்தப் பக்கம் இழுத்தாலும் வந்துரும். ‘ஒருபக்கப் பட்டன்’னு எழுதுங்க. எந்தப் பக்கம்னு அவங்களே தேடிப் பாத்துக்குவாங்க.

தஞ்சையிலிருந்து:

‘ஒருபக்கப் பொத்தான்’ என்று எழுதினால் என் வாக்கும் உண்டு. கஞ்சுகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விதானத்தை இன்னும் விடவில்லை.