பூட்டப்பா மலாயா, பெரியப்பா லண்டன், சித்தப்பா பெர்லின்: ஏன் இப்பிடி?

மானிப்பாய்_பிள்ளை:
அப்பம்மான்ர ட்ரங்குப் பெட்டிய ஒதுக்கேக்க பூட்டப்பான்ர மலாயா ரயில்வே பென்சன் கடிதம் ஒண்டும் ரெண்டு பழைய பாஸ்போட்டும் வந்துது. பெரியப்பா 1961 இல லண்டன் போயிருக்கிறார், விசா ஒண்டும் குத்தேல்ல. ஆனா சித்தப்பான்ரயில கிழக்கு ஜேர்மனி முத்திரை, அவர் ஏன் அந்தப் பக்கத்தால சுத்திப் போனவர் எண்டு கேக்க இப்ப வீட்டில ஆருமில்லை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கோண்டாவில்_வாத்தி:
பிள்ளை, மலாயாவும் இலங்கையும் ரெண்டும் வெள்ளைக்காரன்ர கையில இருந்த காலம், எங்கட ஆக்கள் பிரிட்டிஷ் பிரஜை, அதால கப்பல் டிக்கெட் இருந்தா காணும். 1885 இல தைப்பிங்கில முதல் ரயில் ஓடினது, பிறகு பாதை நீள நீள கிளார்க் வேலைக்கும் ஸ்டேசன் மாஸ்டர் வேலைக்கும் இங்கிலிஷ் தெரிஞ்ச ஆக்கள் தேவைப்பட்டுது, இஞ்ச மிஷன் பள்ளிக்கூடங்களில படிச்ச பெடியள் நிறைய, அப்பிடித்தான் ஊர் ஊரா போனவை. பெரியப்பாவும் நல்ல நேரத்தில போயிருக்கிறார். 1962 ஜூலையில பிரிட்டன் கொமன்வெல்த் குடிவரவுச் சட்டம் கொண்டுவந்து வேலைக்கு வவுச்சர் எண்ட அனுமதிச் சீட்டுக் கேக்கத் தொடங்கிட்டுது, அதுக்கு முந்தி போயிடோணும் எண்டு 61 இல எத்தினையோ நாட்டுச் சனம் அடிச்சுப்பிடிச்சுப் போனது. 1973 இல அவையின்ர 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தாப்பிறகு இன்னும் இறுக்கம்.

பெர்லின்_அண்ணை:
சித்தப்பா வந்த பாதையாலதான் நானும் வந்தனான் தங்கச்சி, 84 நவம்பர். கிழக்கு பெர்லினில பிளேனால இறங்க ட்ரான்சிட் விசா குத்தித் தருவான், பிறகு பிரீட்ரிக்ஸ்ட்ராச ஸ்டேசனில ரயில் ஏறினா அடுத்த பக்கம் மேற்கு பெர்லின். அந்தப் பக்கம் பாஸ்போட் பாக்க ஒருத்தருமில்லை, ஏனெண்டால் அதை எல்லை எண்டு ஒத்துக்கொள்ளவே மேற்கு ஜேர்மனிக்கு விருப்பமில்லை. எனக்கு மேல ஒரு மெல்லிய சேட்டு மட்டும், பக்கத்தில இருந்த கிழவி தன்ர கழுத்துச் சால்வையக் கழட்டித் தந்தது இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. 85 ஜூலை நடுவில அந்தப் பாதையப் பூட்டிட்டினம், மேற்கு ஜேர்மன் விசா இல்லாதவனுக்கு ட்ரான்சிட் இல்லை எண்டு.

ஸ்காபரோ_அக்கா:
அதே 85 இலதான் பிரிட்டனும் எங்களுக்கு விசா போட்டது, கொமன்வெல்த் நாடு ஒண்டுக்கு அவை விசா போட்டது அதுதான் முதல்தரம், 83 கலவரம் முடிஞ்சு ரெண்டே வருசம். 87 பெப்ரவரியில ஹீத்ரோவில 58 தமிழர திருப்பி அனுப்ப வெளிக்கிட, அதை எதிர்த்து அந்தக் குளிருக்குள்ள உடுப்பக் கழட்டிப்போட்டு நிண்டவை. அந்த வருசமே விசா இல்லாத ஆள ஏத்தினா விமானக் கொம்பனிக்குத் தலைக்கு 1000 பவுண் குற்றக்காசு எண்டு சட்டம் வந்துது, அதோட ஆர் தப்பலாம் ஆர் தப்பேலாது எண்டு கவுண்டரில டிக்கெட் பாக்கிறவனே முடிவெடுக்கிற நிலை, எனக்கு இதுதான் எல்லாத்திலயும் கொடுமை. கனடா வேற மாதிரி, 85 ஏப்ரலில சிங் வழக்கில அகதிக் கோரிக்கைய நேர கேக்காமல் தள்ளேலாது எண்டு உச்ச நீதிமன்றம் தீர்த்துது. அடுத்த வருசம் நியூபவுண்ட்லாந்துக் கடலில 155 பேர் உயிர்காப்புப் படகில நிண்டதை மீன்பிடிக்காரர் கண்டு ஏத்தினவை. அவைய மறிச்சு வைக்காமல் ஒரு வருச பெர்மிட் குடுத்தினம்.

மானிப்பாய்_பிள்ளை:
எல்லாருக்கும் பெரிய நன்றி. இப்ப திருப்பி எடுத்துப் பாத்தன் அண்ணை, சித்தப்பான்ர முத்திரை 1985 மே 19. பூட்டுறதுக்கு ரெண்டு மாசமும் இல்லை.