அக்காவின் பல் இம்பிளாண்ட்: கும்பகோணத்தில் தொடங்கிச் சிங்கப்பூரில் முடிக்க இயலுமா?

சிங்கப்பூரில் வசிக்கும் என் அக்காவுக்கு (58 வயது, சர்க்கரை நோய் உண்டு) மேல்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. அங்கே செலவு கட்டுப்படியாகாததால், தை மாதம் கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கி இம்பிளாண்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து, அதன்மேல் ‘மேற்பல்’ எனும் செயற்கைப் பல்லைப் பொருத்துவது) வைத்துக்கொள்ள விரும்புகிறார்.

கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலுமாக இரு மருத்துவர்களிடம் எக்ஸ்ரே படத்தைக் காட்டிவிட்டேன். திருகு எலும்போடு ஒட்டிப்பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், அதன் பிறகே மேற்பல் பொருத்த முடியும் என்கிறார் ஒருவர். மற்றவரோ ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அவர் சர்க்கரை அளவைக் கேட்கவே இல்லை என்பது எனக்கு அச்சமூட்டுகிறது. திருச்சிக்கு நேரடி விமானம் இருந்தாலும், அக்காவுக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் நீண்ட விடுப்பு.

இங்கே திருகு வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் மேற்பல் பொருத்திக்கொண்டவர்கள், இங்குள்ள மருத்துவரிடம் எந்தெந்த விவரங்களை எழுதி வாங்கிச் சென்றீர்கள்?