ஜோடி முயல்ல ஒண்ணு இளைக்குது, ஒண்ணு ஊதுது, சாப்பாட்ட எப்படி பிரிச்சு குடுக்கறது?

பஞ்சுடிங்கு:
வணக்கம் மக்களே. வீட்ல ரெண்டு முயல் இருக்கு, பஞ்சு பொண்ணு, டிங்கு பையன். ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் முடிச்சு முறையா ஜோடி சேர்த்ததுதான், இப்ப ஒருத்தர விட்டு ஒருத்தர் இருக்க மாட்டாங்க, தூங்கறது கூட ஒட்டிக்கிட்டுதான். பிரச்சனை எல்லாம் சாப்பாட்டுல.

பஞ்சுக்கு எட்டு வயசு. கொஞ்ச காலமா இளைச்சுக்கிட்டே வர்றா, இப்ப 1.5 கிலோதான் இருக்கா, தடவினா முதுகெலும்பு கையில தட்டுது. டிங்குக்கு மூணு வயசு, 2.6 கிலோ, விலா எலும்பு எங்க இருக்குன்னு அழுத்தி தேடணும். அவனுக்கு எக்ஸ்ரே எடுத்ததுல மூத்திரப்பையில கால்சியம் மணல் மாதிரி தங்கி இருக்குன்னு டாக்டர் சொன்னாரு, பெல்லட்ட (கடையில விக்கற குச்சி மாதிரி முயல் தீவனம்) குறைங்க, அல்ஃபால்ஃபா (குதிரைமசால் தீவனம்) கண்ணுல காட்டாதீங்கன்னுட்டாரு. ஆனா வயசான ஒல்லி முயலுக்கு அல்ஃபால்ஃபா குடுத்தா எடை ஏறும்னு நிறைய பேர் சொல்றாங்க. ஒருத்தருக்கு மருந்து இன்னொருத்தருக்கு விஷம்ங்கற கதையா இருக்கு.

இப்ப ஒரே தட்டுல பெல்லட் வெச்சா டிங்கு வாக்யூம் கிளீனர் மாதிரி ரெண்டு நிமிஷத்துல எல்லாத்தையும் உறிஞ்சிடறான், இவ பாவம் ஒவ்வொண்ணா வாயில வெச்சு உருட்டிக்கிட்டு இருக்கா, சிலதை கீழ போட்டுடறா. ரெண்டு தட்டு வெச்சாலும் அவன் தட்டை முடிச்சிட்டு இவ தட்டுல வந்து மூக்க நுழைக்கறான், இவளும் ஒண்ணும் சொல்லாம ஒதுங்கிடறா. ராத்திரி மட்டும் தனித்தனி ரூம்ல விடலாமான்னு யோசிக்கறேன், ஆனா ஜோடி பிரிஞ்சுட்டா மறுபடி சேர்க்கற பாட்டை நினைச்சாலே பயமா இருக்கு. இந்த மாதிரி ரெண்டு விதமா சாப்பிடற ஜோடிய வெச்சிருக்கவங்க எப்படி சமாளிக்கறீங்க?

முயல்பாபு:
சிம்பிள் ப்ரோ, ரெண்டு கூண்டு வாங்கி தனித்தனியா வெச்சு பகல்ல மட்டும் சேர்த்து விடுங்க. சாப்பாடு கணக்கும் தெரியும், யாரு எவ்ளோ புழுக்கை போடறாங்கன்னும் தெரியும்.

நெட்டக்காது:
பாபு சொல்றத செய்யாதீங்க, நல்ல எண்ணத்துலதான் சொல்றாரு ஆனா ஜோடிக்கு அது சரிப்படாது. முயல் ஒண்ண ஒண்ணு வாசனையில அடையாளம் வெச்சுக்கறது. தினமும் ராத்திரி முழுக்க வேற ரூம்ல, கண்ணுலயும் படாம மூக்குலயும் படாம பிரிச்சு வெச்சா சில ஜோடிங்க காலைல புது ஆள பாத்த மாதிரி மோத ஆரம்பிச்சுடும். எல்லா ஜோடியும் அப்படி ஆகும்னு இல்ல, ஆனா ரிஸ்க் எடுக்கற அளவுக்கு இங்க அவசியமே இல்ல, ஏன்னா பிரிக்க வேண்டியது சாப்பாட்டுல ஒரு சின்ன பங்கு மட்டும்தான்.

யோசிச்சு பாருங்க, வளர்ந்த முயல் சாப்பிடறதுல 80, 85 சதவீதம் ஹே, அதாவது காய்ஞ்ச புல்லுதான் இருக்கணும். டிமோத்தி, ஆர்ச்சர்ட் கிராஸ் மாதிரி புல்லு வகை ஹே ரெண்டு பேருக்குமே பொருந்தும், அது நாள் முழுக்க பொதுவா கிடக்கட்டும், ரெண்டு மூணு இடத்துல குவிச்சு வைங்க, லிட்டர் பாக்ஸ் (முயல் மூத்திரம், புழுக்கை போற தட்டு) பக்கத்துல கண்டிப்பா ஒண்ணு. கீரையும் பெரும்பாலும் பொதுவா போகலாம். மிச்சம் இருக்கற பெல்லட்டும் பஞ்சுக்கான ஸ்பெஷல் ஐட்டமும்தான் தனியா போகணும், அதுக்கு ஒரு வேளைக்கு இருபது நிமிஷம் போதும்.

நான் பண்றது என்னன்னா, நடுவுல ஒரு கம்பி வலை கேட் வெச்சு இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர், மூக்கு மூக்கோட உரசற தூரத்துல. பாத்துக்கலாம் மோந்துக்கலாம் ஆனா தட்டு எட்டாது. தட்டை கேட்ல இருந்து ஒரு முழம் தள்ளி வைங்க, இல்லன்னா வலைக்குள்ள நாக்க நீட்டுவான். முக்கியமான விஷயம், வேகமா திங்கறவனுக்கு பெல்லட்ட தட்டுல வைக்கவே கூடாது. எண்ணி எடுத்து ஹே குவியலுக்குள்ள தூவி விடுங்க, இல்ல அட்டை ரோலுக்குள்ள ஹே திணிச்சு அதுக்குள்ள போடுங்க. தேடித் தேடி எடுக்கறதுக்குள்ள மெதுவா திங்கறவ முடிச்சிடுவா, இவனும் சும்மா உட்கார்ந்து கம்பிய கடிச்சு ரகளை பண்ண மாட்டான். ஹேயும் நாலு வாய் கூட போகும்.

நாலுமுயல்அக்கா:
தம்பியோ தங்கச்சியோ தெரியல, நீங்க போற போக்குல எழுதின ஒரு வரிதான் என் கண்ணுல பட்டுது. வாயில வெச்சு உருட்டறா, கீழ போட்டுடறான்னு சொன்னீங்கல்ல. சாப்பாட்ட பிரிக்கறது அப்புறம், மொதல்ல அவ வாயப் பாருங்க.

முயல் பல்லு சாகற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். ஹேய அரைச்சு அரைச்சுதான் அது தேயணும். சரியா தேயலன்னா கடவாய்ப் பல்லு ஓரத்துல கூர் முளைக்கும், கீழ்ப்பல்லு கூர் நாக்க குத்தும், மேல்பல்லு கூர் கன்னத்த குத்தும். பசி இருக்கும், தட்டுகிட்ட ஓடி வரும், வாயில எடுக்கும், வலிக்கும், போட்டுடும். முன்பல்லு பாக்க அழகா இருக்கும், அத பாத்துட்டு பல்லு நல்லாருக்குன்னு விட்டுடக்கூடாது, கடவாய உள்ள ஸ்கோப் விட்டுதான் பாக்கணும். தாடை ஈரமா இருக்கா, ஹேய விட்டுட்டு மெத்துன்னு இருக்கற இலைய மட்டும் தேடறாளா, புழுக்கை முன்ன விட சின்னதா ஆகியிருக்கா, இதெல்லாம் கவனிங்க.

எட்டு வயசுக்கு ஒரு பிளட் டெஸ்ட்டும் எடுத்துடுங்க, கிட்னி எப்படி இருக்குன்னு தெரியாம அல்ஃபால்ஃபா பக்கம் போகாதீங்க. மத்த பெரும்பாலான மிருகத்துக்கு உடம்புக்கு வேணுங்கற கால்சியத்த மட்டும்தான் குடல் உள்ள எடுக்கும், முயலுக்கு அப்படி இல்ல, தின்ற கால்சியத்துல பெரும் பங்கு ரத்தத்துக்குள்ள போயிடும், மிச்சத்த கிட்னிதான் மூத்திரத்துல தள்ளணும். டிமோத்தில கால்சியம் சுமார் அரை சதவீதம்னா அல்ஃபால்ஃபால 1.2, 1.5 வரைக்கும் போகும். கிட்னி தளர்ந்திருந்தா அது பஞ்சுக்கும் ஆகாது. அதனால டிங்குக்கு மட்டும்தான் கால்சியம் பிரச்சனைன்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க.

போகும்போது ரெண்டு பேரையும் ஒரே கேரியர்ல கூட்டிட்டு போங்க. ஒருத்தர் மட்டும் போயிட்டு ஆஸ்பத்திரி வாசனையோட திரும்பி வந்தாலே சில நேரம் சண்டை வரும்.

கேரட்பையன்:
எடை ஏறணும்னா ஓட்ஸ் குடுங்க, சூப்பரா ஏறும். எங்க வீட்டு முயல் ஓட்ஸ்னா உயிர விடும்.

நெட்டக்காது:
உயிர விடும்ங்கறது நிஜமாவே நடந்துடப் போகுது சகோ. ஒரு சிட்டிகைன்னா பரவால்ல, ஆனா மாவுச்சத்து அதிகமா போனா முயலோட பெருங்குடல் பக்கம் இருக்கற கிருமிங்க பேலன்ஸ் கெடும், கேஸ் கட்டும், முயல் மறுபடி எடுத்து திங்கற மெத்துன்னு இருக்கற கொத்துப் புழுக்கை களி மாதிரி ஆகி பின்னாடி அப்பிக்கும். வயசான முயலுக்கு எடை ஏத்த ஈஸியான வழி, இப்ப சாப்பிடற டிமோத்தி பெல்லட்டையே வெதுவெதுப்பான தண்ணில ஊறவெச்சு கூழாக்கி கூட ஒரு வேளை குடுக்கறதுதான். மெல்ல வேண்டியதில்ல, தண்ணியும் உள்ள போகும். புது பெல்லட் எதுக்கு மாறினாலும் பழசோட கலந்து ஒண்ணு ரெண்டு வாரம் எடுத்துக்கிட்டு மெதுவா மாத்துங்க.

டப்பாவாசல்:
உங்க கேஸ்ல ஒரு வசதி இருக்கு, யாரும் சொல்லல. 1.5 கிலோவுக்கும் 2.6 கிலோவுக்கும் உடம்பு வித்தியாசம் பெருசு. கவுத்துப் போட்ட பெரிய அட்டைப் பெட்டில பஞ்சு மட்டும் நுழையற மாதிரி ஒரு வாசல் வெட்டி அவ தட்டை உள்ள மூலையில வைங்க. எங்க வீட்ல இத வெச்சுதான் ஓட்டறோம், சின்னவ நினைச்சப்ப உள்ள போய் சாப்டுட்டு வர்றா, பெரியவன் வாசல்ல உட்கார்ந்து பெருமூச்சு விடுவான். ஆனா மொத நாலஞ்சு நாள் நீங்க பக்கத்துலயே இருங்க. தலை போயிடுச்சேன்னு டிங்கு உடம்பையும் திணிக்கப் பாப்பான், மாட்டிக்கிட்டா பதறி உதைச்சு முதுகெலும்ப ஒடிச்சுக்கற ஜாதி இது. அதனால மரப்பெட்டி வேண்டாம், அட்டைதான், திமிறினா கிழியணும். பஞ்சுக்கு மூட்டு வலி இருந்தா வாசல் அடிய தரையோட தரையா வெட்டிடுங்க, தாண்டற வேலை வெக்காதீங்க.

மைக்ரோசிப் வெச்சு திறக்கற ஃபீடர் பூனைக்கு விக்கறாங்க, சில பேர் முயலுக்கும் பழக்கியிருக்காங்க. மூடி அசையற சத்தத்துக்கே மிரள்ற முயலும் உண்டு, அதனால காசு போடறதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது வாங்கி டெஸ்ட் பண்ணி பாருங்க.

பஞ்சுடிங்கு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு பேரையும் கூட்டிட்டு போய் காட்டினேன். பஞ்சுக்கு கீழ் கடவாய்ல ரெண்டு பக்கமும் கூர், இடது பக்கம் நாக்குல புண்ணே ஆகியிருக்கு. மயக்கம் குடுத்து தேய்ச்சு விடணுமாம், அடுத்த வாரம் தேதி குடுத்திருக்காங்க. கிட்னி இந்த வயசுக்கு பரவால்லன்னு சொன்னாங்க. ஆனா ஃபோன்ல பேசின ரிசப்ஷன் பொண்ணு மொத நாள் ராத்திரில இருந்து ஒண்ணும் குடுக்காம வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுது, அது சரியா? இன்னொண்ணு, டிங்குக்கு பெல்லட்ட ஒரேயடியா நிறுத்திடலாமா, சீக்கிரம் இளைப்பானே?

நாலுமுயல்அக்கா:
வெறும் வயிறு நாய்க்கும் பூனைக்கும் சொல்றது. முயலுக்கு வாந்தி எடுக்கவே முடியாது, அதனால அந்த பட்டினிக்கு இங்க வேலையே இல்ல, குடல் ஓட்டம் நின்னா அதுதான் ஆபத்து. டாக்டர்கிட்டயே நேரா கேளுங்க, முயல் பாத்து பழகினவரா இருந்தா கிளம்பற வரைக்கும் ஹே குடுக்கத்தான் சொல்லுவாரு. மயக்கம் தெளிஞ்சதும் பிடிச்ச இலைய வாய்கிட்ட வைங்க, வலி மருந்து எழுதிக் குடுத்தா கரெக்டா குடுங்க, பல்லு தேய்ச்ச மறுநாளே ஹே தின்னுடும்னு எதிர்பாக்காதீங்க, வாய்ப்புண்ணு ஆறணும்ல. அதுவரைக்கும் ஊறவெச்ச கூழு, தேவைப்பட்டா சிரிஞ்ச்ல. வீட்டுக்கு வந்தப்புறம் பத்து பன்னெண்டு மணி நேரம் எதையும் தொடல, புழுக்கையும் இல்லன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே டாக்டருக்கு ஃபோன் போடுங்க. அன்னிக்கும் டிங்கு கூடவே போகட்டும்.

டிங்கு விஷயத்துல அவசரம் வேண்டவே வேண்டாம். குண்டு முயல் திடீர்னு பட்டினி கிடந்தா உடம்புல இருக்கற கொழுப்பு மொத்தமா கல்லீரல்ல போய் சேரும், அது உயிருக்கே ஆபத்து. பொதுவா ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 25 கிராம் பெல்லட்டுக்கு மேல தேவையில்ல, அதுவும் இருக்க வேண்டிய எடைக்குத்தான் கணக்கு, இருக்கற எடைக்கு இல்ல. இப்ப போடறத அளந்து பாருங்க, அதுல இருந்து வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. வாரத்துக்கு ஒண்ணு ஒண்ணரை சதவீதம் எடை இறங்கினா போதும், அவனுக்கு அது 25, 40 கிராம்தான் வரும். அதனால மனுஷன் நிக்கற வெயிட் மெஷின் இதுக்கு உதவாது, கிராம் காட்டற கிச்சன் ஸ்கேல்ல ஒரு டப்பா வெச்சு, வாரம் ஒரு நாள், அதே நேரத்துல ரெண்டு பேரையும் எடை போட்டு எழுதி வைங்க. கண்ணால பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, ரோமம் ஏமாத்திடும்.

நெட்டக்காது:
அக்கா சொன்னதோட மணல் விஷயத்துக்கு ஒண்ணு. கால்சியத்த சுத்தமா வெட்டிடலாம்னு போகாதீங்க, பல்லுக்கும் எலும்புக்கும் அது வேணும். மணல் தங்கறதுக்கு பாதி காரணம் தண்ணி கம்மியா குடிக்கறதும், அசையாம உட்கார்ந்திருக்கறதும். பாட்டில்ல உருண்டைய நக்கி குடிக்கறத விட கிண்ணத்துல வெச்சா முயல் அதிகமா குடிக்கும், கனமான பீங்கான் கிண்ணமா பாருங்க, கவுக்க முடியாது. கீரைய உதறாம சொட்டச் சொட்ட குடுங்க. கேல், பார்ஸ்லி மாதிரி கால்சியம் ஜாஸ்தி இருக்கற இலைய தினமும் வேண்டாம், ரோமெய்ன் லெட்டூஸ், கொத்தமல்லின்னு மாத்தி மாத்தி போகலாம், இது ரெண்டு பேருக்கும் பொது. லிட்டர் பாக்ஸ்ல மூத்திரம் காய்ஞ்சப்புறம் லேசா வெள்ளை படியறது சகஜம், ஆனா பேஸ்ட் மாதிரி கெட்டியா வந்தாலோ, முக்கினாலோ, ரத்தம் மாதிரி தெரிஞ்சாலோ உடனே காட்டுங்க. இலை சாயத்துல கூட மூத்திரம் சிவக்கும்தான், அத நாம வீட்ல பிரிச்சு பாக்க முடியாது.

பஞ்சுடிங்கு:
சூப்பர், டாக்டர்கிட்ட பேசிட்டேன், பட்டினி எல்லாம் போட வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு. கம்பி கேட்டும் நேத்து போட்டாச்சு. டிங்கு மொதல்ல கேட்ட பிடிச்சு ஆட்டினான், ஹேக்குள்ள பெல்லட் இருக்குன்னு தெரிஞ்சதும் தலைய உள்ள விட்டவன் வெளியவே வரல. பஞ்சு கூழ ஒரு ஓரத்துல இருந்து நக்கி முக்கால்வாசி முடிச்சா, மூக்கு நுனி, மீசை எல்லாம் பச்சையா ஒட்டிக்கிச்சு. கேட்ட திறந்ததும் டிங்கு நேரா வந்து அவ மூஞ்சிய நக்கி சுத்தம் பண்றான், அதுல எவ்ளோ பெல்லட் உள்ள போகுதுன்னுதான் இப்ப டவுட்டு.

டப்பாவாசல்:
ஹாஹா, அத கணக்குல சேர்க்காதீங்க. ஆனா ஈரத்துணியால அவ தாடைய நீங்களே ஒரு தடவை தொடச்சு விட்டுட்டு கேட்ட திறங்க, கூழு காய்ஞ்சு ரோமத்துல ஒட்டினா தோல் புண்ணாகும். மிச்ச கூழ வெளிய விட்டு வைக்காதீங்க, சீக்கிரம் புளிச்சிடும்.