அமீன் கரைசலில் நுரை: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அனல்மின் நிலையப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் கரைசல்களை ஆய்வகத்தில் சோதித்து வருகிறேன். இப்போது சோதிப்பது 27 சதவீதம் ஏஎம்பி (2-அமினோ-2-மெத்தில்-1-புரொப்பனால்), 13 சதவீதம் பைபரசீன், மீதி தண்ணீர்; முதல் இரண்டும் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் அமீன்கள். ஒப்பீட்டுக்கு வழக்கமான 30 சதவீத மோனோஎத்தனாலமீன். உறிஞ்சும் கோபுரம் 40 டிகிரி செல்சியஸ், கரைசலைச் சூடாக்கி அந்த வாயுவை வெளியேற்றும் மீட்கும் கோபுரம் 120.

முதல் வாரம் மீட்புக்கான வெப்பம் நன்றாகவே குறைந்தது. மகிழ்ச்சியில் தூக்கம் வரவில்லை. மூன்றாம் வாரம் கரைசல் பழுப்பேறி, உறிஞ்சும் கோபுரத்தில் நுரை பொங்குகிறது. குழாயிலிருந்து கரையும் இரும்பு, அமீனின் ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தூண்டுகிறதோ என்று சந்தேகிக்கிறேன். நுரைத்தடுப்பான் சேர்க்க மனம் வரவில்லை, அது காரணத்தை மறைத்துவிடும்.

கரைசலில் இரும்பையும், அமீன் சிதைவில் உருவாகும் ஃபார்மேட்டையும் தொடர்ந்து அளந்தவர்கள் உண்டா? எந்த அளவில் நுரை தொடங்கியது? கரி வடிகட்டி உதவியதா? பைபரசீனிலிருந்து உருவாகும் நைட்ரோசமீனை அளக்கும் முறை தெரிந்தவர்களும் தயவுசெய்து எழுதுங்கள். அது நச்சு என்பதால் அந்தக் கவலைதான் பெரிது.